பக் துரையும் நம் ஆடுகளமும்

கலாசாலைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டுப் பரிசளிப்பு விழாவைக் கண்டிருப்போர் யாவரும் ஒரு காட்சியைக் கவனித்திருப்பர். மேடையின் நடுவே பிரதம விருந்தினர் வீற்றிருப்பார். அவர் அருகே பிரின்ஸிபால் அவர்கள் இருப்பார். வெள்ளிக் கிண்ணங்கள் மேஜையின்மீது வரிசையாய் விளங்கும். வென்ற வாலிபர்கள் ஒருவர்பின் ஒருவராய் ஏறி, கை குலுக்கி, கிண்ணம் பெற்று, ஆரவாரத்தினிடையே இறங்குவர். அம்மேஜையின் ஓரத்தில், கழுத்தில் ஊதலும் கையில் பெயர்ப்பட்டியலுமாக ஒருவர் நின்றுகொண்டேயிருப்பார். அவருக்கென ஒரு நாற்காலி இடப்பட்டிருப்பினும் அவர் அதில் அமர்ந்ததை யான் பார்த்ததில்லை. அவரே தேகப்பயிற்சி ஆசிரியர். கிண்ணங்களைத் துடைத்து வைத்தவரும் அவரே. கொட்டகைக்குக் கால் நடுவித்தவரும் அவரே. விழா முடிந்தபின் நாற்காலிகளை எண்ணி அடுக்குவிப்பவரும் அவரே.

புலவர்களைப்பற்றியும் தத்துவ சாஸ்திரிகளைப்பற்றியும் எழுதப் பலர் உளர். இவ்வூதற்காரரைப்பற்றி எழுதுவார் அரியர். ஆதலின் அத்தொழிலை நம் தேசத்தில் ஒரு கல்வித் துறையாக நிலைநாட்டிய ஒருவருடைய சரித்திரத்தையும், அவர் வழிவந்த ஒருவரிடம் யான் நேரிற் கண்டவற்றையும் இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தேன். முன்னவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், சென்னை ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையின் ஸ்தாபகர். பின்னவர் எம் கலாசாலையில் நெடுங்காலம் ஊழியம் புரிந்தவர். தம் பெயர் அச்சேறுவதை விரும்பாத சுபாவமுடையவராதலின் அவரை ஈண்டுப் பெயர் கூறாது ‘எம் ஆசிரியர்’ என்றே குறிப்பேன்.

பக் துரையவர்கள் வருமுன் நம் பள்ளிகளில் தேகாப்பியாசம் இருந்த நிலையை முதற்கண் அறிதல் நலம். அக்காலத்தில் பெரும்பாலான பள்ளிகளில் ‘டிரில்’ என்பதொன்றே உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரோ சிப்பாயோ அதற்கு மாஸ்டராக அமர்வார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வலம் திரும்பு, இடம் திரும்பு எனக் கூவி, பிழைத்தவன் முதுகில் பிரம்பால் ஒன்று வைத்து, மணியடித்ததும் கலைத்து விடுவார். அவரைக் குறைகூறுதல் முறையன்று; தாம் கற்றதை அவர் கற்பித்தார். ஆனால் ஒரு பிள்ளையின் மூச்சு ஏன் இரைக்கிறது, வளரும் எலும்புக்கு எவ்வளவு பாரம் தகும், பத்து வயதுச் சிறுவனுக்கும் பதினெட்டு வயது வாலிபனுக்கும் ஒரே பயிற்சி ஏன் பொருந்தாது என்பவற்றை அவருக்கு எவரும் கற்பித்திலர்.

நம் நாஞ்சில் நாட்டிலோ வேறொரு வித்தையும் இருந்தது. அடிமுறையும் சிலம்பமும் வர்மமும் இங்குள்ள ஆசான்மாரிடம் தலைமுறை தலைமுறையாய் விளங்கி வந்தன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 நிலைகளை எண்ணியறிந்து, அடிக்கவும் அடிபட்டவனை எழுப்பவும் வல்லவர்கள் அவர்கள். தேக சாஸ்திரம் நம்மவர்க்குப் புதிது என்று எவரேனும் கூறின், அவர் நம் தென்னந்தோப்புக் களரிகளைக் கண்டறியார் என்பதே பொருள். எனினும் ஆசான் தம் வித்தையை எல்லார்க்கும் வழங்குபவரல்லர். மாணாக்கனைப் பல ஆண்டு சோதிப்பார். கோபக்காரன் கையில் வர்மம் போனால் உயிர்ச்சேதம் நேரும் என அஞ்சுவார். கடைசி அடியைத் தம்மோடேயே வைத்துக்கொள்வாரும் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவரும் பயிலத்தக்க முறையாக அது அமையவில்லை. ஒருபுறம் யார்க்கும் விளங்காத பிரம்பு. மறுபுறம் யார்க்கும் எளிதிற் கிட்டாத வித்தை. இடையில் நின்ற சாமானியப் பிள்ளைக்கு ஒன்றும் கிட்டவில்லை.

பக் துரை 1884-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த லிவர்பூல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள பெருந்துறைமுகத்தோடு இவ்வூரை மயங்கலாகாது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கலாசாலையில் அவர் பயின்றார். அக்கலாசாலையின் கதை ஒன்றை ஈண்டுக் கூறாது செல்ல மனமில்லை. 1891-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில், வெளியில் விளையாடவொண்ணாத பனிக்காலத்தில், அடங்காத 18 மாணாக்கரைக் கட்டடத்துக்குள் வைத்து விளையாடுவிக்கும் பொறுப்பு அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியருக்கு நேர்ந்தது. அவர் 13 விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் இருபுறமும் ஆணியடித்து மாட்டினார். ஒரு கால்பந்தைக் கையிற் கொடுத்து, பக்கத்துக்கு ஒன்பதின்மராய் நிறுத்தினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்து இவ்வாறு பிறந்தது. நான்காண்டு கழித்து, 1895-இல், அவ்வூருக்கு அண்மையிலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பார் கைப்பந்தை வகுத்தார், அவரும் ஒய்.எம்.ஸி.ஏ. ஊழியரே. இவ்விரண்டும் வயல்வெளியில் தாமாக முளைத்த விளையாட்டுக்களல்ல. ஓர் ஆசிரியர் தம் முன்னே சோம்பியிருந்த மாணாக்கரை நோக்கி, இவர்களை என்செய்வது என்று சிந்தித்ததன் பயனாக எழுந்தவை. பக் துரை பயின்ற இடத்தின் மனப்பான்மை அத்தகையது.

அவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1920-இல், தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையைத் தொடங்கினார். ஆசியாக் கண்டத்தில் இவ்வகையில் இதுவே முதலாவதென்று கருதப்படுகிறது. தொடக்கத்தில் மாணாக்கர் சிலரே. வந்த சிலருக்கும் ஓட்டமும் தாண்டலும் பந்தாட்டமும் மட்டுமன்றி, சரீர அமைப்பு நூல், சுகாதாரம், கற்பிக்கும் முறை ஆகியனவும் பாடங்களாயின. தண்டால், பஸ்கி, சடுகுடு முதலிய நாட்டுப் பயிற்சிகளும் விளையாட்டுக்களும் அங்கே புறக்கணிக்கப்படவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் அக்காலத்தில் நம் சடுகுடுவைப் பாடத்திட்டத்தில் ஏற்றார் என்பது சாமானியமாகத் தோன்றலாம். ஆனால் அன்று நம்மவருள்ளேயே கற்றோர் பலர் அதைத் தெருப்பிள்ளைகளின் புழுதியாட்டம் என்று எண்ணியிருந்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஒரு நல்ல பயிற்சியாளர் தம் காலத்தில் இருபது வீரர்களை ஆக்கக்கூடும். பக் துரை வீரர்களை ஆக்குவதை விட்டு ஆசிரியர்களை ஆக்கப் புகுந்தார். அவ்வாசிரியர் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கோ கலாசாலைக்கோ சென்று முப்பது ஆண்டு ஊழியம் புரிவர். ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் அவர் கையில் வளர்வர். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரே அப்படிச் செய்யத் துணிவர். தம் பெயர் எங்கும் வாராது என்பதையும் அவர் அறிந்தேயிருக்க வேண்டும்.

விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இத்தேசத்தின் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கு நெடுங்காலம் கைந்நூலாய் விளங்கியது. ‘வியாயாம்’ என்னும் பத்திரிகையையும் நடத்தினார். களத்தின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, வலையின் உயரம் இவ்வளவு என்று கூறும் புத்தகத்தில் என்ன இரசம் உண்டு என்று வாசகர் வினவலாம். யானும் ஒருகால் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் நம் ஆசான்மாரின் மறைபொருளை நினைந்து பார்க்குமிடத்து இதன் அருமை விளங்கும். விதியை அச்சிட்டு நான்கு திசையிலும் பரப்பினவன், இனி இவ்விளையாட்டுக்குத் தான் உரியவனல்லன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவனாகிறான். விளவங்கோட்டுக் கடற்கரையில் வலைநூலால் பின்னிய வலையை இரண்டு கழிகளிற் கட்டி மாலைதோறும் கைப்பந்தாடும் வாலிபர்கள் எவரிடமும் அநுமதி கேட்பதில்லை. ஹோலியோக்கின் பெயரையும் அவர்கள் கேட்டிரார். தூத்தூர் முதலிய கடற்கரையூர்களில் கால்பந்து வளர்ந்து செழித்ததும் அவ்வாறே.

ஒலிம்பிக் பந்தயத்தில் பக் துரைக்கு இருந்த தொடர்பைச் சுருங்கக் கூறுவேன். ஸர் டோராப்ஜி தாதா அவர்களின் முயற்சியால் 1920-இல் இந்தியாவிலிருந்து ஒரு குழு பெல்ஜியத்துக்குச் சென்றது. அதன்பின் அம்முயற்சியைத் தேசமெங்கும் பரப்பும் வேலை ஒய்.எம்.ஸி.ஏ. சங்கத்தைச் சார்ந்த டாக்டர் நேரன் என்பாரிடமும் பக் துரையிடமும் வந்தது. இருவரும் மாகாணந்தோறும் சென்று விளையாட்டுச் சங்கங்களை அமைக்க உதவினர். 1924 பிப்ரவரியில் டில்லியில் அகில இந்தியப் பந்தயம் நடைபெற்று, தேர்ந்தெடுக்கப்பட்டோர் பாரிஸ் நகர ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றனர். பக் துரை அக்குழுவை நடத்திச் சென்றார். கண்ணூரைச் சேர்ந்த ஸி. கே. லக்ஷ்மணன் தடை தாண்டி ஓடும் பந்தயத்தில் அங்கே ஓடினார். பிற்காலத்தில் அவரே வைத்தியராகி இந்திய அரசாங்கச் சுகாதாரத் துறையின் தலைமை வகித்தார். ஓட்டத்தில் நம்மவர்க்கு அவ்வாண்டு பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. 1927-இல் டோராப்ஜி தாதா தலைவராகவும் நேரன் காரியதரிசியாகவும் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. பக் துரையோ சென்னைக்குத் திரும்பித் தம் வகுப்புக்களை நடத்திக்கொண்டிருந்தார். பாரிஸ் சென்று வந்த ஒருவர் மறுபடியும் சுண்ணாம்புப் பொடிக்கும் வருகைப் பதிவுக்கும் திரும்புவது எளிதன்று.

இனி எம் ஆசிரியரைப்பற்றிச் சொல்வேன். அவர் பயின்றதும் அக்கலாசாலையிலேயே. ஆனால் பக் துரை மறைந்து சில ஆண்டு கழிந்தபின்னரே அங்குச் சேர்ந்தாராதலின் துரையை நேரிற் கண்டவரல்லர். துரையிடம் பயின்றவர்களிடம் பயின்றவர். யான் புகுமுக வகுப்பில் 1969-இல் சேர்ந்தபோது அவர் நடுவயதினர். காக்கிக் கால்சட்டையும் வெண்சட்டையும் தரித்து, காலையில் ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்பார். யான் நோஞ்சான், மழைக்காலத்தில் இழுப்பு வரும், விளையாட்டு என்றால் கல்லடுக்கின்மீது உட்கார்ந்து பார்ப்பதே என் வழக்கம். ஒருநாள் அவர் வந்து, “ஏடே, சும்மா இருக்கியா? இந்த நாடாவோட அந்த நுனியைப் பிடி” என்றார். பிடித்தேன். அன்றுமுதல் மூன்றாண்டு, விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் முழுவதும் அவரோடு ஓடுவழிக்குக் கோடு போடும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது.

அதில் யான் கற்ற கணிதம் வகுப்பிற் கற்றதினும் நெஞ்சில் நின்றது. ஓடுவழியில் ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். வளைவில் வெளிப்பாதையில் ஓடுகிறவன் பெரிய வட்டத்தில் ஓடவேண்டியிருப்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு அவனது தூரம் உள்ளிருப்பவனதைவிட ஏறத்தாழ 7.67 மீட்டர் மிகும். ஆகவே அவ்வளவு தூரம் அவனை முன்னே நிறுத்தவேண்டும். அடுத்தவனை இன்னும் அவ்வளவு முன்னே. மைதானம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வளவு மாறாது என்பதே யான் வியந்த செய்தி. பாதையின் அகலம் ஒன்றே அதை நிர்ணயிக்கும். பந்தய நாளில் வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்களுள் யாரேனும் ஒருவர், “அந்தப் பையனை மட்டும் ஏன் முன்னால் விட்டிருக்கிறீர்கள்? இது அநியாயமல்லவா?” என்று தவறாமல் கேட்பார். எம் ஆசிரியர் பொறுமையுடன் நாடாவைக் காட்டி விளக்குவார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, நம்பாமலே போவார். முன்னே நிற்பவன் முன்னே நிற்கவில்லை என்பதைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவர்க்கு விளக்குவது எக்காலத்திலும் கடினந்தான்.

அவருடைய அலமாரியில் பல பதிவேடுகள் இருந்தன: பந்துகளின் கணக்கு, கிழிந்த வலைகளின் கணக்கு, கடன் வாங்கிய ஈட்டியின் கணக்கு. அவற்றுள் நீல அட்டையிட்ட ஒன்று தனியே இருக்கும். அதில் அவர் எழுதியிருந்தது கலாசாலைக் குழுவில் ஆடுவோர் பெயரன்று. அப்பருவத்தில் ஒரு பந்தையும் தொடாதவர்களின் பெயர். வாரந்தோறும் அதிலிருந்து நால்வரையோ ஐவரையோ அழைப்பார். ஒருவனைக் கோல் பிடிக்கச் சொல்வார். ஒருவனைப் புள்ளி எழுதச் சொல்வார். சில நாள் கழித்து, ஆள் குறைகிறது, நீ வந்து நில் என்பார். ஆள் குறைந்ததோ இல்லையோ, அவர் அவ்வாறு சொல்வார். அவன் ஆடிய அன்று மாலை நீலப் பதிவேட்டில் அவன் பெயர்மீது ஒரு கோடு விழும். என் பெயர்மீது கோடு விழுந்தது இரண்டாம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில்.

வகுப்புக்களுக்கிடையே நடைபெறும் கைப்பந்துப் பந்தயத்தில் அவர் பிடிவாதம் ஒன்று உண்டு. எம் காலத்தில் பதினொரு குழுக்கள் சேரும். தோற்றவரை உடனே நீக்கும் நாக்அவுட் முறையில் நடத்தினால் பத்தே ஆட்டங்களில் காரியம் முடிந்துவிடும். ஐந்து குழுக்களுக்கு முதற் சுற்றில் ஆட்டமின்றியே அடுத்த சுற்றுக்கு இடம் தந்து, ஒரு வாரத்தில் கிண்ணம் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களோடும் ஆடும் லீக் முறையிலோ 55 ஆட்டங்கள் வேண்டும். எம் ஆசிரியர் லீக் முறையையே கொள்வார். ஒரு மாலைக்கு இரண்டு ஆட்டம் எனில் 28 மாலைகள். இரு பருவ மழையும் பெய்யும் நாடாகலின் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே அவர் இதற்கு ஒதுக்குவார். பரீக்ஷை நெருங்குகிறதென்று சக ஆசிரியர்கள் முணுமுணுப்பர். “நாக்அவுட்டிலே தோற்கிறவன் ஒரு நாளோடே வீட்டுக்குப் போறான், விளையாட்டு அதிகம் தேவைப்படுகிறவன் அவன்தான் ஸார்” என்று அவர் ஆசிரியர் அறையிற் கூறியதை யான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன். வல்ல வீரனைத் தேர்வதற்கு நாக்அவுட் போதும். எளியவனை வல்லவனாக்க அது உதவாது. இம்முறைகள் இரண்டையும் சைதாப்பேட்டையிற் கற்றே வந்திருந்தார். இரண்டில் எதைக் கொள்வது என்னும் தீர்ப்பு அவருடையது.

சடுகுடுவுக்குக் குழுப் பிரிப்பதில் அவர் கையாண்ட முறை இன்னும் ஆழமானது. பட்டியல் எண்ணை வைத்தே பிரிப்பார்: ஒற்றைப்படை எண் ஒருபுறம், இரட்டைப்படை எண் ஒருபுறம். நண்பர்களோடு சேர்ந்து ஆட விரும்பி வந்து கெஞ்சுவோரை ஏறிட்டும் பாரார். இது ஏதோ சோம்பேறித்தனமான ஏற்பாடென்று அன்று எமக்குத் தோன்றியது. நம் நாடு முன்னர் இருந்த நிலையை அறிந்தோர்க்கே இதன் பொருள் புலப்படும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இன்ன ஜாதியார் இன்ன ஜாதியாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ் மாகாணத்தோடு இணைந்தன. ஆயினும் தெருவோடு தெரு சேர்ந்து ஆடுவது சட்டத்தால் உடனே வந்துவிடுவதொன்றன்று. பிள்ளைகளைத் தம் விருப்பத்துக்கு விட்டால், தெருவாரியாகவே குழு சேர்வர். சடுகுடுவிலோ தொடாமல் ஆட இயலாது. பாடிக்கொண்டு வருபவனைக் காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, நால்வர் ஐவர் மேலே விழுந்து அமுக்கவேண்டும். மூச்சு முட்டக் கிடக்கும் குவியலில் எவன் கை எவனுடையதென்று தெரியாது. எம் ஆசிரியர் தீண்டாமையைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஒற்றை, இரட்டை என்று மட்டும் கூறுவார்.

இத்துணையும் கூறியபின் ஒரு குறையையும் கூறாதுவிடின் முறையாகாது. சைதாப்பேட்டை வழிவந்த இக்கல்வி, நம் பள்ளிகளில் கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் தந்த இடத்தை அடிமுறைக்குத் தரவில்லை. ஆசான்மாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்திலர். இருதிறத்தாருக்கும் இடையே ஒரு பாலம் கட்டப்பட்டிருப்பின், 108 நிலைகளை அறிந்த ஒருவரும் எலும்பு நூல் கற்ற ஒருவரும் ஒரே மைதானத்தில் நின்றிருப்பின், நமக்கு எத்துணையோ இலாபம் விளைந்திருக்கும். அது பக் துரையின் குற்றமென்று கூற யான் துணியேன். சடுகுடுவுக்கு விதி எழுதலாம். மறைத்துக் காக்கப்படும் வித்தைக்கு எவ்வாறு விதி எழுதுவது? அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள் நம்மவரே. சுளுக்குக்குத் தைலம் தடவ மட்டும் நம் கலாசாலை வீரர்கள் இன்றும் ஆசான்மாரைத் தேடிச் செல்கின்றனர்.

பக் துரையின் பின்னாட்களுக்கு வருவோம். பயிற்சியாளராய் வந்தவர் நாளடைவில் நிர்வாகியாய் நிலைத்தார். 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கலாசாலை அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையில் அமைந்தது. இன்று அவ்விடத்தை நந்தனம் என்பர். உலகமெங்கும் பொருள் முட்டுப்பாடு நிலவிய காலம் அது. அத்தகைய காலத்தில் விரிந்த நிலத்தைச் செப்பனிட்டு, ஓடுவழியும் ஆடுகளங்களும் மாணாக்கர் விடுதியும் அமைப்பதென்றால், அதற்கு எழுதப்பட்ட கடிதங்கள் எத்தனை, ஏறியிறங்கிய படிகள் எத்தனை என்பது ஒரு நிர்வாகத்தை நடத்தினவர்க்கே தெரியும். அவர் மனைவியார் மேரி பக் அம்மையாரும் அவ்வூழியத்தில் உடனுழைத்தார். பிற்பாடு பெண்களும் அங்கே சேர்ந்து பயிலலாயினர். நம் மாவட்டத்துப் பெண்கள் கலாசாலைகளில் தேகப்பயிற்சித் துறை என ஒன்று விளங்குவதற்கு, பெண்களும் இக்கல்வியில் ஆசிரியராகலாம் என்று அவ்வாறு திறந்த வாயிலும் ஒரு காரணம்.

ஆடுகளத்தில் ஓடியாடி மகிழ்ந்த ஒருவர் மேஜைக்குப் பின்னே அமர்ந்து வரவு செலவு பார்ப்பது ஒரு வீழ்ச்சி என்று எண்ணுவாரும் உளர். எம் ஆசிரியர் ஒருபோதும் அவ்வாறு எண்ணவில்லை. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு பழுதாகிவிட்டால் அன்று நாற்பது பேருக்கு விளையாட்டு இல்லை என்பார். தோல் பந்தின் தையல் விடுமுன்னரே மெழுகு நூலால் தாமே தைப்பார். மழை பெய்து ஓய்ந்ததும் வலையை வெயிலில் விரித்து உலர்த்துவார். புதிய பந்து வாங்க அநுமதி கேட்டு அவர் எழுதிய விண்ணப்பங்களை யான் படி எடுத்துக் கொடுத்ததுண்டு. ஒவ்வொன்றிலும் பழைய பந்து எத்தனை மாதம் உழைத்தது என்ற கணக்கு இருக்கும். அதைப் படித்துவிட்டு எவராலும் இல்லையென்று கூற முடியாது.

பக் துரை 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி சென்னையிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 58. கலாசாலையைத் தொடங்கி 23 ஆண்டு ஆகியிருந்தன. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவரிடம் பயின்றவர்கள் இந்தியாவின் பல மாகாணங்களிலும் இலங்கை, பர்மா முதலிய அயல்நாடுகளிலும் பணிபுரிந்துகொண்டிருந்தனர். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபின் நம் வீரர் ஒருவர் தனியாளாக ஒலிம்பிக் பதக்கம் பெற்றது 1952-இல், மல்யுத்தத்தில், கே. டி. ஜாதவ் என்பார் பெற்ற வெண்கலம் அது. துரை அதைக் காண இருந்திலர்.

எம் ஆசிரியர் 1985-இல் ஓய்வு பெற்றார். விடைபெறும் நாளில் மாலை சூட்டிப் பேச அழைத்தபோது, ஈட்டி எறியும் பகுதியில் வெட்டாமல் கிடக்கும் புல்லைப்பற்றி இரண்டு நிமிஷம் பேசிவிட்டு அமர்ந்தார். தம் அலமாரியின் சாவியையும் அளவு நாடாவையும் நீலப் பதிவேட்டையும் புதிதாய் வந்தவரிடம் ஒப்புவித்து, அவற்றுக்கு ரசீதும் வாங்கிக்கொண்டார்.

அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் பக் துரையின் விதி நூற் பிரதி ஒன்றும் உண்டு. சென்ற ஆண்டு பழைய மாணாக்கர் கூட்டத்துக்கு யான் வந்தபோது தேகப்பயிற்சித் துறையார் அதைக் காட்டினர். முதுகு இற்றுப்போய்ச் சணற்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஓரங்களிலெல்லாம் எம் ஆசிரியரின் பென்ஸில் எழுத்து. விதி மாறுந்தோறும் பழைய விதியை ஒரு கோட்டால் அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் இட்டிருந்தார். பக்கங்களில் அங்கங்கே சுண்ணாம்பு படிந்த விரலடையாளமும் உண்டு. கைப்பந்துப் பகுதியில் ஓர் ஆட்டம் 15 புள்ளி என்றிருந்ததை மட்டும் அவர் காலத்துக்குப் பின்வந்த வேறொருவர் நீல மையால் அடித்து 25 என்று திருத்தியிருந்தார். அதன் பக்கத்திலும் தேதி இருந்தது.